கேள்வி அல்லாதவை

"அதை மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க" என்று அம்சவேணி சொன்னது ஒரு பேருந்தில்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து திருப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கருவும் தங்காமல் போய், ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருந்துவிட்டு அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தாள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் மடியில் பிளாஸ்க்கும் மாத்திரைப் பையுமாக அவள் கணவன் திருமூர்த்தி. கருமத்தம்பட்டி தாண்டியதும் அவன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான். பிறகு முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே, "அம்சா, வேற ஒரு வழி இருக்குதல்ல. நம்ம ஒரு குழந்தைய..." என்று ஆரம்பித்தான்.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, குரலைத் தணித்து, "நானாச் சொல்ற வரைக்கும் கேக்காதீங்க" என்றாள்.

"சரி" என்றான் அவன்.

அவ்வளவுதான். அவினாசியில் வெள்ளரிக்காய் விற்கிறவர் ஏறினார். திருமூர்த்தி ஒரு பொட்டலம் வாங்கி, மேலே தூவியிருந்த மிளகாய்த்தூளை உதறிவிட்டு அவளிடம் நீட்டினான். இருவரும் தின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

சொன்ன சொல்லை அவன் காப்பாற்றினான். சொந்தக்காரர்கள் வந்து அந்தப் பேச்சை எடுத்தால் அவனே எழுந்து, வெயில் அதிகம், மோர் குடியுங்கள் என்று திசை திருப்பிவிடுவான். அவள் எதிரில் மற்றவர் குழந்தையைக்கூட அதிகநேரம் கொஞ்சமாட்டான். அவளுக்கு அது தெரியும். நன்றியாகவும் இருக்கும், ஏனோ கோபமாகவும் இருக்கும்.

அந்தக் கோபத்துக்கு வடிகாலாகத்தான் 'குட்டிப்பஞ்சு' பிறந்தது என்று சொல்லலாம். எதிர்வீட்டுக் குழந்தைக்காக, மிச்சம் கிடந்த பனியன் துணியில் அவள் ஒரு ஜப்லா தைத்துக் கொடுத்தாள். அதைப் படம் பிடித்து யாரோ யாருக்கோ அனுப்ப, நாலு பேர் கேட்க, நாற்பது பேர் கேட்க, மூன்று வருடத்தில் அது அந்தப் பெயரில் இணையத்தில் ஒரு கடையாகிவிட்டது. திருமூர்த்தி பனியன் கம்பெனியில் பார்த்துவந்த செக்கிங் வேலையை விட்டுவிட்டு வந்தான். மாடியில் வீடு, கீழே ஆறு தையல் மெஷின், ஒரு கட்டிங் மேஜை, பார்சல் கட்டும் அறை.

துணியைவிட அம்சவேணியின் குரல்தான் அந்தக் கடையை வளர்த்தது. வாங்குகிறவர்கள் போனில் பேசிப் பதிவு செய்து கேள்வி அனுப்புவார்கள். அவளும் பேசியே பதில் அனுப்புவாள். எட்டு மாதக் குழந்தைக்கு எந்த அளவு, துவைத்தால் சுருங்குமா, சாயம் போகுமா, கழுத்தில் பின்னால் ஏதாவது குத்துமா. இவள் பதிலோடு நிறுத்தமாட்டாள். உங்கள் ஊர் வெயில் எப்படி, குழந்தைக்கு வேர்க்குமா, கவிழ்ந்து படுக்கிறதா என்று திருப்பிக் கேட்பாள். கேட்கப்போய், தாய்மார்கள் சட்டையை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றியும் சளியைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாலு பிள்ளை பெற்றவள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடை போனில் 'இல்லை' என்று சொல்லமாட்டாள். ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான். சரக்கு இல்லையென்றால் 'வரும்' என்பார்கள். ஆனால் அம்சவேணி 'வரும்' என்று சொன்னால், போனை வைத்துவிட்டு நேராகப் படியிறங்கி, கட்டிங் மாஸ்டர் ரங்கசாமி முன்னால் போய் நின்றுவிடுவாள். கையில் மாவுக்கட்டுப் போட்ட குழந்தைக்கு ஒரு கை மட்டும் அகலமாக ஒரு சட்டை வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். வரும் என்றாள். மூன்றாம் நாள் வந்தது. "அந்தம்மா வாயில வரும்னா, இங்க என் கத்திரிக்கு வேலை வந்துருச்சுன்னு அர்த்தம்" என்று ரங்கசாமி அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே வெட்டுவார்.

போன வருடம் அவள் தொண்டை கட்டியது. கஷாயத்துக்கும் கட்டுப்படவில்லை. பேசிப் பேசிக் குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான், ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார் டாக்டர். கடையை என்ன செய்வது என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, திருமூர்த்தி எங்கெங்கோ விசாரித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஷாகிராவை அழைத்துவந்தான்.

ஷாகிரா முப்பது வயதுப் பெண். சின்னக் கடைகளுக்கெல்லாம் 'மறுமொழி' என்ற பதில் சொல்லும் மெஷினை வைத்துக் கொடுப்பது அவள் வேலை. பார்சல் அறையில் ஒரு திரையும் ஒரு ஸ்பீக்கரும் வைத்து, கடையின் பழைய பதிவுகளையெல்லாம் அதற்குள் ஏற்றினாள்.

"ஆறு வருஷத்துல முப்பத்தோராயிரம் தடவை பேசியிருக்கீங்கக்கா. அத்தனையும் கேட்டுப் படிச்சிருச்சு. எந்த இடத்துல மூச்சு விடுவீங்கன்னுகூட இதுக்குத் தெரியும்" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து வந்திருந்த அம்சவேணி நோட்டில் எழுதிக் காட்டினாள்: பொய் சொல்லுமா?

"நீங்க சொல்லியிருந்தாத்தான் சொல்லும்" என்று ஷாகிரா சிரித்தாள்.

தெரியாததைக் கேட்டால் என்ன செய்யும் என்று திருமூர்த்தி கேட்டான். அந்த இடத்தில் அக்கா என்ன சொல்வார்களோ அதைச் சொல்லும் என்றாள் ஷாகிரா. பிறகு திரையின் ஓரத்தில் தட்டுப் போல இருந்த ஒரு சின்னப் படத்தைத் தொட்டுக் காட்டினாள். அதன்மேல் 'கேள்வி அல்லாதவை' என்று எழுதியிருந்தது. "கேள்வின்னு ஒண்ணும் இல்லாம, சும்மா பேசறவங்க இருப்பாங்கல்ல. அவங்களுக்கு ரெண்டு வார்த்தை நல்லாப் பேசிட்டு, பதிவை இங்க தள்ளிரும். இதை யாரும் பாக்கறதில்ல. விக்கறதுக்கு இதுல ஒண்ணும் இருக்காதுக்கா."

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டு அம்சவேணிகள் இருந்தார்கள். மேலே இருந்தவள் வாய் திறக்காமல் சின்ன வெங்காயம் உரித்தாள். கீழே இருந்தவள், "சுருங்காதுங்க, ஒரு தடவை தண்ணில நனைச்சுத்தான் நாங்க வெட்டறதே" என்று சிரித்துச் சிரித்துப் பேசினாள். தன் சிரிப்பைப் படிக்கட்டில் ஏறிவரக் கேட்பது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. தையல் பெண்கள் அதற்குச் 'சின்ன அம்சாக்கா' என்று பெயர் வைத்தார்கள். "மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அதுலயும் மேல இருக்கறது பேசறதில்ல. மூர்த்திக்கு யோகந்தான்" என்றார் ரங்கசாமி. திருமூர்த்தி அதற்குச் சிரிக்கவில்லை.

அவன் அந்த ஆறு வாரமும் அவளைத் தரையில் விடாத குறையாகப் பார்த்துக்கொண்டான். அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைய வேகவைத்து, ஆறவைத்துக் கொண்டுவந்து வைப்பான். அவள் எழுதுவதற்கு முன்னால் அவள் கேட்கப்போவதைப் புரிந்துகொள்வான். ஆனால் மதியம் மூன்று மணிக்குத் தையல்காரர்கள் டீக்குப் போனதும், அவன் பார்சல் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வதை அவள் கவனித்தாள். ஒருநாள் தண்ணீர் பாட்டிலை எடுக்கிற சாக்கில் கீழே போனாள். ஸ்பீக்கருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, கையில் ஒரு போனோடு உட்கார்ந்திருந்தான். "கேளுங்க, தயங்காமக் கேளுங்க" என்றது அவள் குரல். இவளைக் கண்டதும் அவன் எழுந்து, டேப் ரோலைத் தேடுவதுபோல் அங்குமிங்கும் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அன்றைக்கு அவளுக்கு வலித்தது. மெஷினிடம் போய்ப் பொறாமைப்படுவதா என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். ஆனாலும் வலித்தது.

ஆறு வாரம் கழித்துக் குரல் திரும்பியது. பழைய குரலாக அல்ல. உலர்ந்த பாக்கைத் தேய்ப்பதுபோல ஒரு கரகரப்பு. நான் பழையபடி பதில் சொல்கிறேன் என்று அவள் சொன்னபோது, "கொஞ்ச நாள் போகட்டும் அம்சா, தொண்டை ஆறட்டும்" என்றான் திருமூர்த்தி. அவன் சொன்னதில் தவறில்லை. அவள் சோற்றை ஆறவிட்டுவிட்டு ஒரு நாளைக்கு முப்பது பேருக்குத்தான் பதில் சொல்லிவந்தாள். மெஷின் நானூறு பேருக்குச் சொன்னது. யாரையும் காக்கவைக்கவில்லை. யாரிடமும் சலித்துக்கொள்ளவில்லை. கடைக்கு இன்னும் இரண்டு தையல் மெஷின் வந்தது. கொஞ்ச நாள் என்றது நான்கு மாதம் ஆயிற்று. அவள் பார்சல் கட்ட உட்கார்ந்தாள். நாடா முடிகிற வேலைக்குக் குரல் தேவையில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. 'கேள்வி அல்லாதவை' தட்டு நிரம்பிவிட்டது, அறுநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் உள்ளன, சனிக்கிழமைக்குள் பார்க்காவிட்டால் அழிக்கப்படும் என்றது. அழித்துவிடலாமா என்று கேட்டு ஒரு பொத்தானும் இருந்தது. அவள் விரல் பொத்தான்வரை போனது. ஆறு வருடம் மற்றவர் பேச்சைக் கேட்டே வாழ்ந்தவளுக்கு மனம் வரவில்லை. முதல் பதிவைத் தொட்டாள்.

"அக்கா, உங்க மஞ்சள் ஜப்லாவைப் போட்டுட்டுத்தான் இன்னிக்கு மொட்டை அடிச்சோம். அழவே இல்ல."

அடுத்ததில் பேச்சே இல்லை. பன்னிரண்டு நொடி ஒரு குழந்தை கெக்கலித்துச் சிரித்தது. கடைசியில் ஒரு ஆண் குரல், "அவ்வளவுதாங்க" என்றது. இன்னொருத்தி, காலையிலிருந்து இன்னும் யாரோடும் பேசவில்லை, அதனால்தான் கூப்பிட்டேன் என்றாள். எல்லோருக்கும் மெஷின் ஒரே பதிலைச் சொல்லியிருந்தது: "ரொம்ப சந்தோஷமுங்க. வேற ஏதாச்சும் வேணுங்களா?"

அம்சவேணி பார்சல்களைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நாற்பதாவதோ ஐம்பதாவதோ, தூத்துக்குடிப் பேச்சில் ஒரு இளம் குரல் வந்தது.

"எக்கா, நான் எஸ்தர்ராணி. பிள்ளை இன்னைக்கு ரெண்டு கிலோ ஆயிட்டான்க்கா. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணிச்சு. பதில் ஒண்ணும் வேண்டாம்."

யார் இந்தப் பிள்ளை என்று அவள் அந்த எண்ணின் பழைய பதிவுகளைத் தேடினாள். ஆறு வாரத்துக்கு முன்னால் எஸ்தர்ராணி முதல் கேள்வியைக் கேட்டிருந்தாள். ஒன்றே கால் கிலோதான் இருக்கான், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குக் கொண்டுவரும்போது போட அந்த அளவில் உடுப்பு இருக்கிறதா என்று. மெஷின் அம்சவேணியின் குரலில், அவள் விடுகிற மூச்சை அதே இடத்தில் விட்டு, "வரும்மா. ரெண்டு நாள்ல வந்துரும். நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றிருந்தது.

நான்கு நாள் கழித்து எஸ்தர்ராணி மறுபடி கேட்டிருந்தாள். "வரும்மா." அடுத்த வாரம். "வரும்மா, நானே கூப்பிட்டுச் சொல்றேன்." ஐந்து தடவை.

குட்டிப்பஞ்சில் மூன்று கிலோவுக்குக் கீழே சட்டையே கிடையாது.

அவள் ஷாகிராவுக்குப் போன் செய்தாள். ஷாகிரா உள்ளே புகுந்து பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை என்றாள். 'வரும்' என்று பதில் கேட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் திரும்பவும் கடைக்கு வந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மெஷின் அந்த வார்த்தையை இன்னும் தாராளமாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. "நீங்களும் அப்படித்தானக்கா சொல்லியிருக்கீங்க. உங்க பதிவுல ரெண்டாயிரம் 'வரும்' இருக்கு."

"சொல்லிட்டு நான் எந்திரிச்சுக் கீழ போவேன் கண்ணு" என்றாள் அம்சவேணி. "போனை வெச்சதுக்கு அப்பறம் போவேன்."

ஷாகிரா மெதுவாக, "ஆமாக்கா. அது பதிவுல இல்ல" என்றாள். மெஷின் இப்படி 'வரும்' சொல்லிக் காத்திருக்கிறவர்களின் பட்டியலை எடுத்து அனுப்புவதாகச் சொன்னாள். கால் மணி நேரத்தில் வந்தது. இருநூற்றுப் பதினான்கு பேர்.

அம்சவேணி எழுந்து ரங்கசாமி முன்னால் போய் நின்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவளை அந்த இடத்தில் பார்த்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சொல்லம்மணி, என்ன வருமாம்?"

இரண்டு கிலோ என்றாள். தையல் மடிப்பு உடம்பில் படாமல் வெளிப்பக்கம் வரவேண்டும், பொத்தான் கூடாது, முன்னால் நாடா, வயர் ஏதாவது மாட்டியிருந்தாலும் தூக்காமல் போடுகிற மாதிரி இருக்கவேண்டும். அவர் காகிதத்தில் வரைந்து, அழித்து, வரைந்து வெட்டினார். தைத்து முடித்தபோது சட்டை அவர் உள்ளங்கையை மூடியது, அவ்வளவுதான். மூன்று தைத்தார்கள். திருமூர்த்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு சட்டையை எடுத்துத் தன் கையில் விரித்து வைத்துப் பார்த்தான். அம்சவேணி பார்ப்பதை உணர்ந்ததும் சட்டென்று மடித்தான். கூரியர் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லி, தூத்துக்குடி பஸ்ஸில் கொடுத்துவிட வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவள் எஸ்தர்ராணியைக் கூப்பிட்டாள்.

"குட்டிப்பஞ்சுலிருந்து அம்சவேணி பேசறேனுங்க."

"அம்சாக்கா குரல் இது இல்லியே. நீங்க யாரு?"

அவள் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் பேசியது மெஷின் என்றாள். தொண்டையில் ஆபரேஷன் ஆனது, மெஷின் வந்தது, அது வரும் என்று சொன்னது, தான் கவனிக்காமல் இருந்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, சட்டை இன்றைக்குப் பஸ்ஸில் வருகிறது, மன்னித்துக்கொள் என்றாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"நான் அது உடுப்பைச் சொன்னதா எடுக்கலக்கா" என்றாள் கடைசியில். "முதல்ல அப்படித்தான் நினைச்சேன். பொறவு, டாக்டர் வந்து ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டுப் போற அன்னைக்கெல்லாம் உங்களுக்குத்தான் போன் போடுவேன். நீங்க வரும்மான்னு சொல்லுவீய. பிள்ளையத்தான் சொல்லுதீயன்னு எடுத்துக்கிட்டேன். வீட்டுக்கு வருவான்னு."

அம்சவேணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மெஷின்னா என்ன, பரவாயில்ல" என்றாள் எஸ்தர்ராணி. "இப்பம் நீங்கதான பேசுதீய? ஒரு தடவ நீங்களே சொல்லுங்க."

இரண்டாயிரம் தடவை சொன்ன வார்த்தை. ஒவ்வொரு தடவையும் அதற்குப் பிறகு செய்ய ஒரு வேலை இருந்தது. இதற்கு எந்தப் படியிறங்கி, யார் முன்னால் போய் நிற்பது? அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருவான் கண்ணு" என்றாள். "வீட்டுக்கு வருவான்."

எஸ்தர்ராணி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, அழுகையிலிருந்து வெளியே வர எதையாவது கேட்கிறவள்போல, "உங்களுக்கு எத்தனை பிள்ளையக்கா?" என்று கேட்டாள்.

ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. அம்சவேணி சுற்றிலும் பார்த்தாள். அலமாரி நிறைய, அளவு வாரியாக அடுக்கிய சின்னச் சின்னச் சட்டைகள்.

"இல்லைம்மா" என்றாள். கடை போனில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்பம் வரும்க்கா" என்றாள் எஸ்தர்ராணி, கொஞ்சமும் யோசிக்காமல், கடைக்காரியைப் போல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தானே கூப்பிட வேண்டும் என்று அம்சவேணி முடிவு செய்திருந்தாள். அதற்கு முன்னால், தட்டில் மிச்சம் கிடந்ததைக் கேட்டு முடித்துவிடலாம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தாள். சனிக்கிழமை வந்தால் அழிந்துவிடும்.

மெஷின் எண் வாரியாக அடுக்கியிருந்ததில் கடைசியாகப் பதினேழு பதிவுகள் ஒரே எண்ணிலிருந்து இருந்தன. வீட்டில் மேஜை டிராயரில் கிடந்த பழைய போனின் எண். எல்லாம் மதியம் மூன்று மணியை ஒட்டி. முதலாவது, அவளுக்கு ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள்.

அவள் தொட்டாள்.

"அம்சா" என்றது அவள் கணவனின் குரல். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களோ என்று பயந்ததுபோலத் தணிந்திருந்தது. "உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க, தயங்காமக் கேளுங்க" என்றது அவளுடைய பழைய குரல்.

அதன் பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம். தெருவில் ஒரு வண்டி போகிற சத்தம். பத்து நொடி கழித்து மெஷின், "வேற ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்க, அவன் வைத்துவிட்டான். கீழே மெஷின் குறித்து வைத்திருந்தது: வாடிக்கையாளர் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில், "ஒண்ணு கேக்கோணும்... ஒண்ணுமில்ல, வெச்சர்றேன்" என்றான். ஏழாவதில் ஒரு பெருமூச்சு மட்டும். பதினோராவதில்தான் கொஞ்சம் பேசியிருந்தான்.

"நீ கேக்காதீங்கன்னு சொன்னே. அதனால கேக்கல. இதுகிட்டக் கேட்டா அது உன்னயக் கேட்டதா ஆகுமா, ஆகாதான்னு எனக்குப் புரியல. ஆகும்னுதான் தோணுது. குரல் உன்னோடதாச்சே. அதனால கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு நாப்பத்திநாலு ஆச்சு அம்சா" என்றான்.

"ரொம்ப சந்தோஷமுங்க" என்றது மெஷின்.

அம்சவேணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருந்த கோலம் நினைவுக்கு வந்தது. அந்தக் குரலை ரசிக்க வந்தவன் என்று நினைத்தாளே. அது ஒன்றுதான் இந்த வீட்டில் அவனிடம் 'கேளுங்க' என்று சொல்லியிருக்கிறது.

நானாகச் சொல்கிறேன் என்றாள் ஒன்பது வருடத்துக்கு முன்னால். அதுவும் ஒரு 'வரும்'தான். சொல்லிவிட்டு எழுந்தே போகவில்லை. மெஷின் எஸ்தர்ராணியை ஆறு வாரம் காக்கவைத்ததற்கு நேற்று அவ்வளவு பதறினாள்.

மூன்று மணிக்குத் தையல்காரர்கள் டீக்குக் கிளம்பிப் போனார்கள். திருமூர்த்தி வெளியிலிருந்து வந்தான். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் எப்போதும் வாங்கிவருகிற வெள்ளரிக்காய். தூத்துக்குடியில் சட்டை போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொண்டாராம் என்று சொல்லிக்கொண்டே பார்சல் அறைக்குள் வந்தவன், திரையில் பழைய போனின் எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"நீ இதையெல்லாம் கேட்டயா?" என்றான்.

"பதினேழும் கேட்டேனுங்க."

அவன் தலை குனிந்தது. திருட்டுத்தனமாக எதையோ தின்று பிடிபட்டவன் மாதிரி, பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். மெஷின்தானே என்று நினைத்ததாகவும், தப்புத்தான் என்றும், இனிமேல் செய்யமாட்டேன் என்றும் என்னென்னவோ முணுமுணுத்தான்.

அம்சவேணி எழுந்து போய் மறுமொழியின் சுவிட்சை அணைத்தாள். நடுவில் எவளோ ஒருத்தியிடம் குழந்தையின் அளவைக் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய பழைய குரல் நின்றது. அந்த நேரத்தில் கேள்வி கேட்கிறவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். பிறகு அவளே கூப்பிடுவாள்.

ஸ்டூலை இழுத்து அவனுக்கு முன்னால் போட்டாள். அவன் உட்கார்ந்தான். எதிரில் பார்சல் மூட்டைமேல் அவளும் உட்கார்ந்தாள். பொட்டலத்தை அவன் கையிலிருந்து வாங்கி, பிரித்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள்.

"நானாச் சொல்ற வரைக்கும்னு சொன்னனுங்க" என்றாள், அந்தக் கரகரத்த குரலில். "இப்பச் சொல்றேன். கேளுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தொண்டையை ஒரு தடவை செருமினான். இரண்டாம் தடவையும் செருமினான்.

"இல்லைன்னா இல்லைன்னே சொல்லீரு அம்சா" என்றான். "நான் தாங்கிக்குவேன். வரும்னு மட்டும் சொல்லிராத."

அவள் தலையசைத்தாள்.

கருமத்தம்பட்டி தாண்டி விட்ட இடத்திலிருந்தே அவன் ஆரம்பித்தான். இந்தத் தடவை முன்சீட்டின் முதுகைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தே கேட்டான்.

"நம்ம ஒரு குழந்தையக் கூட்டிட்டு வந்து வளத்தலாமா?"